‘டக்’ சத்தம் நின்ற நாள்

என் தாடைக் கோளாறு எல்லாம் முறிகண்டிக் கச்சானில்தான் (நிலக்கடலை) தொடங்கியது என்று கேட்டவர்களுக்கெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். வவுனியாவுக்குப் போய்வந்த தம்பி, வழியில் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டு, வழக்கம்போல இரண்டு பை கச்சான் வாங்கி வந்திருந்தான். இரவுச் சாப்பாடு முடிந்து, அதை உடைத்து உடைத்து வாயில் போட்டுக்கொண்டிருந்தபோது வலது காதுக்கு முன்னால் ‘டக்’ என்று ஒரு சத்தம். பக்கத்தில் இருந்த அம்மாவுக்கே கேட்டுவிட்டது. “என்னடி, கல்லைக் கடிச்சிட்டியோ?” என்றார்.

அது 2019 கடைசி. வலி எதுவும் இல்லை. வாயைத் திறக்கும்போது ஒரு டக், மூடும்போது சின்னதாய் இன்னொரு டக், அவ்வளவுதான். மகள் அதை விளையாட்டாக எடுத்துக்கொண்டாள். “அம்மா, ஒருக்கா வாயைத் திறவுங்கோ” என்று காதை வைத்துக் கேட்டுச் சிரிப்பாள். நானும் திறந்து காட்டுவேன். அப்படித் திரும்பத் திரும்ப வேண்டுமென்றே சத்தம் எழுப்பிக் காட்டக் கூடாது என்பது பிறகுதான் தெரிந்தது.

கச்சான் மேல் நான் போட்டது வீண்பழி. நான் தருமபுரத்தில், வீட்டு விறாந்தையில் தையல் மெசின் போட்டு வைத்திருக்கிறவள். பிளவுஸ், சுடிதார், பள்ளிக்கூட வெள்ளைச் சட்டை. கத்தரிக்கோல் மடியிலேயே கிடக்கும், ஆனாலும் நூலைப் பல்லால்தான் கடித்து அறுப்பேன். குண்டூசி உதட்டில் நிற்கும். கழுத்து வளைவு தைக்கும்போது மூச்சைப் பிடித்துக்கொண்டு, மேல்பல்லும் கீழ்ப்பல்லும் ஒட்ட, குனிந்தபடி இருப்பேன். ஒரு நாளைக்கு எத்தனை மணித்தியாலம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்திருக்கிறேன் என்று இப்போது நினைத்தால் சிரிப்பாக இருக்கிறது. கச்சான் அந்த ஒரு இரவுதான். நூல் பதினெட்டு வருசம்.

2022 எப்படி இருந்தது என்று இங்கே யாருக்கும் சொல்லத் தேவையில்லை. பெற்றோல் வரிசை, மண்ணெண்ணெய் வரிசை, நூல்கட்டை விலை கிழமைக்குக் கிழமை ஏறியது. காலையில் எழும்பும்போதே நெற்றிப்பொட்டு இரண்டும் உளையும், சொக்கை (கன்னம்) இறுகிக் கிடக்கும். “இரவில பல்லை நறநறவெண்டு கடிக்கிறீங்கள், எனக்கு நித்திரை வருகுதில்லை” என்று மகள் பாயை இழுத்துக்கொண்டு அம்மம்மா பக்கம் போய்விட்டாள். அப்போதும் எனக்கு விளங்கவில்லை. தாடை மூட்டு தேய்வதும் இழுபடுவதும் கச்சான் கடிக்கிற கொஞ்ச நேரத்தில் இல்லை, நாங்கள் கவனிக்காமல் பல்லை இறுக்கிக்கொண்டிருக்கிற நீண்ட நேரத்தில்தான்.

பிறகு காது வலி வந்தது. வலது காதுக்குள் குத்து, சில வேளை ‘ஙொய்’ என்று இரைச்சல். பூண்டு போட்டுக் காய்ச்சிய எண்ணெயை இளஞ்சூட்டில் விட்டுப் பார்த்தேன் (அதையும் செய்திருக்கக் கூடாது). ஆஸ்பத்திரி ஓபிடியில் காட்டினேன். டொக்டர் லைட் அடித்துப் பார்த்து, “காது நல்லாக் கிடக்கு” என்று பனடோல் எழுதித் தந்தார். காது நன்றாக இருக்கிறதென்றால் வலிப்பது பல்தான் என்று நானே முடிவுகட்டி ஒரு தனியார் பல் கிளினிக்குக்குப் போனேன். ஊரும் பேரும் வேண்டாம். மேல் கடவாய்ப் பல்லைக் காட்டி, இதில்தான் நோகுது என்று நான் சொல்ல, எக்ஸ்ரே எடுக்காமலே பிடுங்கிவிட்டார்கள். பல் போனது, வலி அப்படியே நின்றது. பிழையை முழுக்க அவர்கள் தலையில் கட்டவும் மனம் வரவில்லை. பிடுங்கச் சொல்லிக் கேட்டது நான்.

காதுக்கு முன்னால் சுண்டுவிரலை வைத்து வாயைத் திறந்து மூடினால் உள்ளே ஒன்று உருள்வது தெரியும். அதுதான் தாடை மூட்டு. காதுத் துவாரத்துக்கும் அதற்கும் நடுவில் மெல்லிய எலும்பு மட்டும்தான். அதனால்தான் மூட்டு நோவு காது நோவு மாதிரியும், மெல்லும் தசையின் நோவு பல் நோவு மாதிரியும் வேஷம் போடுகிறது. குளிர்தண்ணி பட்டால் கூசாத, தட்டினால் நோகாத, சொத்தையும் இல்லாத பல்லைப் பிடுங்கக் கொடுக்க முதல் காதுக்கு முன்னால் அந்த மூட்டு இடத்தை ஒருக்கா அமத்திப் பாருங்கள். எனக்கு அங்கே தொட்டதும் உயிர் போனது.

ஆவணியில் ஒரு காலை. பாயிலிருந்து எழும்பிக் கொட்டாவி விட்டேன். டக் கேட்கவில்லை. பல் தீட்டும்போதும் இல்லை. இரண்டரை வருசமாய்க் கூடவே இருந்த சத்தம் போய்விட்டது. உண்மையைச் சொன்னால், சந்தோசப்பட்டேன். சுகம் வந்துவிட்டது என்று அம்மாவிடம் சொன்னேன். கொட்டாவி பாதியில் நின்றதை நான் கவனிக்கவில்லை. தோசையை மடித்து வாய்க்குள் வைக்கப் போனபோதுதான் தெரிந்தது, வாய் திறக்கவில்லை. அமத்தித் திறந்தால் காதுக்கு முன்னால் ஏதோ முட்டிக்கொண்டு நிற்கிறது. கண்ணாடியில் பார்த்தேன். திறக்கத் திறக்க நாடி நேராக இறங்காமல் வலப்பக்கம் கோணிக்கொண்டு போனது.

கையில் இருந்தது தையல் அளவு நாடாதான். அதையே மேல் முன்பல் நுனிக்கும் கீழ் முன்பல் நுனிக்கும் நடுவில் பிடித்துப் பார்த்தேன். 2.2 செ.மீ. வளர்ந்த ஒருவருக்கு 4 செ.மீக்கு மேல் திறக்க வேண்டும். நாடா இல்லாவிட்டால் உங்கள் கையிலேயே அளவு இருக்கிறது. ஆட்காட்டி, நடு, மோதிர விரல் மூன்றையும் ஒன்றுக்கு மேல் ஒன்றாக நிமிர்த்தி முன்பல்லுக்கு நடுவில் வைத்தால் போக வேண்டும். எனக்கு ஒரு விரல் போனது, இரண்டாவது இறுகியது. அளவைப் பிளவுஸ் ஓடர் எழுதுகிற கொப்பியில் திகதி போட்டு எழுதி வைத்தேன். ஏன் எழுதினேன் என்று தெரியாது, கைப்பழக்கம். டொக்டர் பிறகு அதிகம் மதித்தது அந்தக் கொப்பியைத்தான்.

அந்த நாளே ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தால் கதை சின்னதாக முடிந்திருக்கும். போகவில்லை. பஸ் இல்லை, கையில் வேலை இருந்தது, வாயைத் திறக்க முடியவில்லை என்று சொல்லிக்கொண்டு போவதற்கு வெட்கமாகவும் இருந்தது. பார்மசியில் டைக்ளோபெனக் நோவுக் குளிசை வாங்கிப் போட்டேன். பாதி நாள் வெறும் வயிற்றில். ஐந்தாறு கிழமையில் நெஞ்சுக்குழி எரியத் தொடங்கியது. அப்புறம் முறிவு நெரிவு பார்க்கிற பரியாரியார் ஒருவரிடம் போனேன். எண்ணெய் போட்டுச் சொக்கையைத் தடவியது உண்மையிலேயே சுகமாக இருந்தது, அதைக் குறை சொல்ல மாட்டேன். மூன்றாம் நாள் பெருவிரலை வாய்க்குள் விட்டுக் கீழ்த்தாடையை ஒரே இழுவையாக இழுத்தார். கண்ணுக்குள் மின்னல் அடித்தது. இரண்டு நாள் கஞ்சி கூடக் குடிக்க முடியாமல் கிடந்தேன்.

மார்கழியில்தான் மாவட்ட ஆஸ்பத்திரியின் பல் பகுதிக்குப் போனேன். அங்கே ஒரு இளம் பெண் டொக்டர், ஐந்து நிமிசத்தில் விசயத்தைப் பிடித்துவிட்டார். இரண்டு பக்க மூட்டிலும் விரலை வைத்தார், திறக்கச் சொன்னார், நாடி கோணுவதைப் பார்த்தார், சின்ன அடிமட்டத்தால் அளந்தார். “எப்ப தொடக்கம் பூட்டிக் கிடக்கு அக்கா?” என்று கேட்டார். நான்கு மாதம் என்றதும் முகம் கொஞ்சம் மாறியது. யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையில் வாய், முக, தாடைச் சத்திரசிகிச்சை நிபுணரைப் பார்க்கக் கடிதம் எழுதித் தந்தார். தாடை மூட்டுக்கு எந்த டொக்டர் என்று தெரியாமல் காது, பல், நரம்பு என்று அலைகிறவர்களுக்குச் சொல்கிறேன், இதற்குரிய ஆள் இந்த நிபுணர்தான். முதல் படி உங்கள் அரசாங்க ஆஸ்பத்திரிப் பல் பகுதி. காசு இல்லை, துண்டு எடுத்து வரிசையில் இருக்கப் பொறுமை மட்டும் வேண்டும்.

விடிய ஐந்து மணிக்குப் பரந்தன் சந்திக்கு வந்து, அங்கிருந்து யாழ்ப்பாணம் பஸ். ஆனையிறவைக் கடக்கும்போது குளிர்காற்றில் கொட்டாவி வந்தது, இரண்டு கையாலும் தாடையைத் தாங்கிக்கொண்டேன். அம்மாவும் கூட வந்தார். தனியாக அனுப்ப மாட்டேன் என்று வெத்திலைப் பெட்டியோடு ஏறிவிட்டார்.

நிபுணர் விளங்கப்படுத்தியது இப்படி. தாடை எலும்பின் உருண்டைத் தலைக்கும் மண்டையோட்டுக் குழிக்கும் நடுவில் குருத்தெலும்பு மாதிரி ஒரு சின்னத் தட்டு இருக்கிறது. அது தலைக்கு மேல் தொப்பி மாதிரி உட்கார்ந்து, வாய் திறக்கும்போது தலையோடு சேர்ந்து முன்னால் போக வேண்டும். என் தட்டு முன்பக்கம் நழுவிவிட்டது. நான் வீட்டுக்கு வந்து மகளுக்கு வேறு விதமாகச் சொன்னேன். வாசலில் கால்மிதி நழுவிக் கதவுக்கு அடியில் போனால், கதவு அதன் மேல் ஏறிப் ‘டக்’ என்று தாண்டிப் போகும். அதுதான் அந்தச் சத்தம். தாண்டிப் போகிறவரை கதவு திறக்கும். மிதி சுருண்டு மடிந்துவிட்டால் கதவு பாதியில் நிற்கும், சத்தமும் வராது. சத்தம் நின்றது கதவு நின்றதால். நான் சுகம் என்று கொண்டாடியது அதைத்தான்.

வலியில்லாத டக் நிறையப் பேருக்கு இருக்கிறது, அதற்கு மருந்தே தேவையில்லை என்றும் அவர் சொன்னார். சத்தத்தோடு வலி சேர்ந்தால், காலையில் இடைக்கிடை பூட்டிப் பூட்டி விட்டால், திறக்கிற அளவு குறைந்துகொண்டு வந்தால் காட்ட வேண்டும். சத்தம் திடீரென்று நின்று வாயும் சுருங்கினால் அந்தக் கிழமையே. பூட்டிய புதிதில் தட்டைத் திரும்ப இடத்துக்குக் கொண்டுவருவது சுலபம், மாதங்கள் போனால் அது கடினம்.

எக்ஸ்ரே எடுத்தார்கள். எலும்பு பெரிதாகத் தேயவில்லை. தட்டு எக்ஸ்ரேயில் தெரியாது, அதற்கு எம்ஆர்ஐ வேண்டும். இந்த இடத்தில் எங்கள் பக்கத்து ஆட்களுக்கு ஒரு விசயம். படிவத்தில் ‘உடம்பில் உலோகம் ஏதும் உண்டா’ என்று கேட்டிருந்தது. நான் இல்லை என்று எழுதப் போனேன். அம்மாதான் முழங்கையால் இடித்தார். “தோளுக்குள்ள கிடக்கிற பீஸ்?” 2009 இலிருந்து இடது தோளில் கடலைப் பருப்பளவில் செல் பீஸ் (எறிகணைத் துண்டு) ஒன்று கிடக்கிறது. நோகாததால் மறந்தே போனேன். எம்ஆர்ஐ மெசின் பெரிய காந்தம். இரும்புத் துண்டு அதற்குள் அசையலாம், சூடேறலாம். கண்ணுக்குப் பக்கத்தில், முள்ளந்தண்டில், தலையில் இருந்தால் பெரிய ஆபத்து. இங்கே எத்தனை பேருடைய உடம்பில் அப்படிக் கிடக்கிறது! கேட்காவிட்டாலும் முதலே சொல்லுங்கள். சொன்னால் எக்ஸ்ரேயில் இடத்தைப் பார்த்து, எடுக்கலாமா வேண்டாமா என்று அவர்கள் தீர்மானிப்பார்கள். என் விசயத்தில், கையால் பார்த்ததிலேயே தெளிவாக இருக்கிறது, இப்போதைக்கு எம்ஆர்ஐ வேண்டாம் என்று விட்டுவிட்டார்.

உடனே கத்தி வைப்பார்கள் என்று பயந்துதான் போயிருந்தேன். தந்தது பெரும்பாலும் வீட்டு வேலை. ஆறு கிழமைக்கு மென்மையான சாப்பாடு. சொதி விட்டுக் குழைத்த இடியப்பம், குரக்கன் கஞ்சி, பருப்புச் சோறு, தேத்தண்ணியில் தோய்த்த பாண். புழுக்கொடியல், ரோஸ் பாண், முறுக்கு, மாங்காய் கடிப்பது எல்லாம் நிறுத்தம். மார்கழி, தை பனங்கிழங்குக் காலம். தம்பி வீட்டில் கிழங்கு அவித்து அடுக்கி வைத்திருந்ததை நான் பார்த்துக்கொண்டு மட்டும் இருந்தேன். ஒரு நாளைக்கு இரண்டு மூன்று தரம், கதகதப்பான தண்ணியில் துவாயை நனைத்துப் பிழிந்து சொக்கையில் கால் மணித்தியாலம் ஒத்தடம். கொட்டாவி வந்தால் நாடிக்குக் கீழே கைமுட்டியை முட்டுக்கொடுப்பது. குப்புறப் படுக்காமல் இருப்பது.

எல்லாவற்றையும்விடக் கஷ்டமானது, கேட்க மிகச் சின்ன விசயமாக இருந்தது. உதடு மூடி இருக்கலாம், பல் ஒட்டக் கூடாது. சாப்பிடும்போதும் விழுங்கும்போதும் தவிர மேல்பல்லும் கீழ்ப்பல்லும் தொடவே தேவையில்லையாம். ‘ல’ என்று சொல்லும்போது நாக்கு நுனி மேல்பல்லுக்குப் பின்னால் எங்கே தொடுகிறதோ, அங்கேயே நாக்கை ஓய்வாக வைத்தால் பல் தானாக விலகி நிற்கும். மெசின் தலையில் சிவப்பு நூல் ஒன்றைக் கட்டிவிட்டேன். கண்ணில் படும்போதெல்லாம் ‘ல’. முதல் கிழமை, பார்க்கிற ஒவ்வொரு தரமும் பல் இறுகித்தான் இருந்தது. நூலைக் கத்தரிக்கோலால் வெட்டப் பழக ஒரு மாதம் எடுத்தது.

இரவுக்கு ஒரு சின்னக் குளிசையும் தந்தார்கள், அமிட்ரிப்டிலின். பார்மசியில் வேலை செய்கிற சொந்தக்காரப் பிள்ளை அதைப் பார்த்துவிட்டு, “மாமி, இது மனநோய்க்குக் குடுக்கிற மருந்தெல்லோ” என்றாள். நான் பயந்து நான்கு நாள் போடவில்லை. அடுத்த கிளினிக்கில் கேட்டபோது டொக்டர் சிரித்தார். குறைந்த அளவில் நாட்பட்ட வலிக்கும் தசை இறுக்கத்துக்கும் அதைக் கொடுப்பது வழக்கம், காலையில் கொஞ்சம் வாய் காயும், தூக்கம் இழுக்கும் என்றார். நோ குளிசையை நானாக வாங்கிப் போட்ட கதையைச் சொன்னபோதுதான் சிரிக்கவில்லை.

ஆறு கிழமையில் நோவு பாதியாகக் குறைந்தது. வாய் 2.6 தான். அப்புறம்தான் மூட்டைக் கழுவலாம் என்றார்கள். அதற்கு ஆர்த்ரோசென்டசிஸ் என்று பெயர். காதுக்கு முன்னால் விறைக்க ஊசி போட்டு, மூட்டுக்குள் இரண்டு ஊசியை ஏற்றி, ஒன்றால் சேலைன் தண்ணியை விட்டு மற்றதால் வெளியே எடுப்பது. நோகவில்லை, ஆனால் விசித்திரம். காதுக்குப் பக்கத்தில் குளத்துத் துருசு திறந்த மாதிரி ஒரு அழுத்தமும் ஓட்டமும். நடுநடுவே தாடையைப் பிடித்து மெதுவாக அசைத்தார்கள். பரியாரியார் இழுத்த இழுவைக்கும் அதற்கும் ஒரு தொடர்பும் இல்லை. முடிந்து கண்ணாடியைப் பார்த்தால் வலது கன்னம் வீங்கிக் கிடந்தது, வலது கண்ணைச் சரியாக மூட முடியவில்லை. அம்மா வாதம் வந்துவிட்டதென்று அழத் தொடங்கிவிட்டார். விறைப்பு மருந்து முகநரம்பில் பட்டதால் சில மணித்தியாலம் அப்படி இருக்கும் என்று மிஸ்ஸி (தாதி) சொன்னார். பின்னேரம் கண் மூடியது. அன்று அளந்தது 3.4.

வாய் திறந்த பிறகுதான் பல்லை அச்செடுத்து, இரவில் பல்லில் போடுகிற கட்டி அக்ரிலிக் உறை செய்ய முடிந்தது. அதைப் பச்சைத்தண்ணியில் கழுவ வேண்டும். சுடுதண்ணி ஊற்றினால் கோணிவிடும். கூடவே பயிற்சி. கண்ணாடிக்கு முன்னால் நாடி கோணாமல் நேராக, மெதுவாகத் திறந்து மூடுவது, ஒரு நாளைக்குப் பல தரம், வலிக்கும் எல்லைக்கு முன்னால் நிறுத்துவது. ‘கடி பொருந்தவில்லை, நல்ல பல் இரண்டைக் கொஞ்சம் அராவினால் சரிவரும்’ என்று இடையில் ஒருவர் யோசனை சொன்னார். நிபுணரிடம் கேட்டேன். அராவிய பல் திரும்ப வளராது, முதலில் திருப்பி எடுக்கக்கூடிய வைத்தியத்தை எல்லாம் செய்து முடிப்போம் என்றார். ஏற்கனவே ஒரு பல்லைக் கொடுத்தவள் என்பதால் உடனே விளங்கியது.

அம்மாவின் கதையைச் சொல்லாமல் விட்டால் அம்மா கோபிப்பார். இரண்டாவது கிளினிக்கில் நான் கதிரையில் இருக்க, டொக்டர் அம்மாவைப் பார்த்து, “அம்மா, நீங்களும் ஒருக்கா வாயைத் திறவுங்கோ” என்றார். வெத்திலைச் சிவப்பில் இரண்டு விரல் போகிற அளவுதான் திறந்தது. “உறைப்புச் சாப்பிட்டா வாய் எரியிறதோ?” என்று கேட்டார். எரியும், வயசு போனதால் என்றார் அம்மா. கன்னத்தின் உட்பக்கம் வெளிறி, தடவினால் கயிறு மாதிரித் திரண்டிருந்தது. மூட்டு ஒன்றும் செய்யவில்லை. பாக்கு. பாக்கு போடப்போட வாயின் உட்தோல் நார் பிடித்து இறுகிப் போகிறது, அது புற்றுநோயாக மாறவும் கூடும். புகையிலை சேர்க்காவிட்டாலும் பாக்கு தனியாகவே போதும். ஒரே வீட்டில் இரண்டு பேருக்கு வாய் திறக்கவில்லை, இரண்டும் வேறு வேறு நோய். அம்மாவுக்கு இப்போது ஆறு மாதத்துக்கு ஒரு தடவை பார்க்கிறார்கள். வெத்திலைப் பெட்டியில் ஏலக்காயும் கராம்பும் கிடக்கிறது. பாக்கு இல்லை என்று சத்தியம் செய்கிறார். நான் பெட்டியைத் திறந்து பார்ப்பதில்லை, வாசத்தை மட்டும் கவனிக்கிறேன்.

பல் நோவோடு காய்ச்சலும் வீக்கமும் இருந்து வாய் பூட்டினால் அது சீழ், அன்றே போக வேண்டும். மண்வெட்டிக் காயமோ ஆணிக் காயமோ பட்டுச் சில நாளில் தாடை இறுகினால் ஏற்பு நோயாக (டெட்டனஸ்) இருக்கலாம். ஐம்பது தாண்டியவருக்குப் புதிதாகத் தலையிடி வந்து, சாப்பாட்டை மெல்லும்போது தாடை களைத்து, கண்ணும் மங்கினால் அதுவும் தாமதிக்கிற விசயம் இல்லை. நடக்கும்போது தாடை நொந்து நெஞ்சை அடைத்து வியர்த்தால் தாடையைப் பற்றி யோசிக்கவே வேண்டாம், 1990க்கு அடியுங்கள், அம்புலன்ஸ் இலவசம். கொட்டாவியில் வாய் திறந்தபடியே நின்று மூட முடியாமல் போனாலும் நேரே ஆஸ்பத்திரிதான். ஊரில் ஆளாளுக்கு அமத்திப் பார்க்க விடக்கூடாது.

போன கிழமை கொப்பியில் எழுதியது 3.9. ஒரு பிளவுஸின் கைச்சுற்றளவுக்கும் இன்னொன்றின் தோளுக்கும் நடுவில் அது கிடக்கிறது. துணி எடுக்க வந்த பிள்ளை, “இதென்ன அளவு அக்கா, ஆருக்கு?” என்று கேட்டாள். வாய்க்கு என்றேன். நம்பவில்லை.

மூட்டுக்குள் நழுவிய தட்டு பழைய இடத்துக்கு முழுதாகத் திரும்பாது என்று முதலே சொல்லித்தான் இருந்தார்கள். சில நாள் காலையில் சின்னதாய் ஒரு டக் இப்போதும் கேட்கிறது. கேட்டால் மூன்று விரலை வைத்துப் பார்ப்பேன். போகும். பிறகு போய்க் கேத்திலை அடுப்பில் வைப்பேன்.